கற்றுக் கொடுத்தவர் ஏன் நட்டப்பட வேண்டும்?

கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம். ‘முழுவதும் ஏசி வசதி’ என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிற பையனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. மேனேஜரைக் கேட்டால், “மிஷின் பழசு சார், அடுத்த வருஷம் மாத்திடுவோம்” என்பார். மாற்றவும் செய்வார்கள். அதற்குப் பிறகும் பாட்டிக்குக் குளிரும், பையனுக்கு வியர்க்கும். கோளாறு பெரும்பாலும் மிஷினில் இருப்பதில்லை. மிஷினிலிருந்து காற்றைக் கொண்டுபோகிற தகரப் பாதையில் இருக்கிறது.

அந்தப் பாதைக்கு டக்ட் என்று பெயர். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, அதாவது நாம் ஜிஐ சீட் என்று சொல்வதை, வெட்டி மடித்துப் பெட்டி பெட்டியாகச் செய்து, ஒன்றோடொன்று கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறார்கள். சாதாரண அளவுள்ள டக்டுக்குத் தகட்டின் கனம் 0.63 மில்லிமீட்டர், பெரிதாகப் பெரிதாக 0.8, 1 என்று கூடும். ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி மடிப்பதை லாக் என்பார்கள். இரண்டு பெட்டி சேரும் இடத்தில் ஃபிளேஞ்ச், நடுவே காஸ்கெட், மேலே சீலன்ட். இவ்வளவும் ஆனதும் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடுவார்கள். அதோடு சரி, கட்டடத்தை இடிக்கிற நாள் வரைக்கும் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. இந்த வேலையின் எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான். சுவர் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், குழாய் ஒழுகினால் தரை நனையும். காற்று ஒழுகினால் மின்கட்டணம் மட்டும்தான் நனையும்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். டக்டில் ஓட்டை இருந்து கடைசி அறைக்குக் காற்று போதவில்லை என்று வையுங்கள். விசிறியின் வேகத்தை 10 சதவீதம் கூட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் விசிறிக்குத் தேவைப்படும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீத மின்சாரம் கூடுதலாகத் தின்னும். அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் தரும் கணக்குப்படி, அங்கே ஒரு சராசரி வீட்டின் டக்டில் ஓடுகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஒழுக்கிலும் சரியாகச் சேராத இணைப்பிலும் வீணாகிறது. நம் ஊரில் வீடுகளுக்கு டக்ட் கிடையாது. மருத்துவமனை, மால், திரையரங்கு, ஐடி அலுவலகம், மெட்ரோ நிலையம் ஆகியவற்றுக்கு உண்டு.

இது குளிர்ச்சியோடு முடிகிற விஷயமும் இல்லை. அடித்தளக் கார் நிறுத்தத்தில் தீப்பிடித்தால் மணிக்கு 12 முறை அங்குள்ள காற்று முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தப் புகையை இழுத்துப்போவதும் இதே தகரப் பாதைதான். சுவரைத் தாண்டும் இடத்தில் தீ அடுத்த அறைக்குப் பரவாமல் தானே மூடிக்கொள்ள ஃபயர் டாம்பர் என்றொரு கதவு வைப்பார்கள். அதைத் தலைகீழாகப் பொருத்தினாலும், இன்சுலேஷன் துண்டு சிக்கி அது மூடாமல் நின்றாலும், தீப்பிடிக்கிற நாளில்தான் தெரியவரும்.

ஆக, இந்த வேலைக்கு எப்படிப்பட்ட கை வேண்டும்? பழைய தகரக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் புனல் செய்வார். சிம்னி விளக்கும் டிரங்குப் பெட்டியும் செய்வார். தட்டையான தகட்டில் விசிறி மாதிரி ஒரு வடிவத்தை வரைந்து, வெட்டி, கொட்டாப்புளியால் தட்டி வளைத்தால் அது கூம்பாக எழுந்து நிற்கும். எந்த ஆரத்தில் எத்தனை பாகை வெட்டினால் எந்தப் புனல் வரும் என்பது வடிவியல். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, கணக்குத் தெரியும். சதுர டக்ட் ஒன்று வட்ட டக்டாக மாறும் இடத்துத் துண்டைச் செய்வதும் அதே கணக்கின் அண்ணன்தான். தகட்டில் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து வரைந்து, வெட்டி, மடித்து எழுப்ப வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தவறினால் ஃபிளேஞ்ச் சேராது. சேராததை இழுத்துப் பிடித்துத் திருகினால் சேர்ந்த மாதிரி இருக்கும், காற்று ஒழுகும்.

“இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மிஷின் வந்துவிட்டதே” என்று ஒரு கேள்வி வரும். வந்துவிட்டது உண்மை. கணினியில் அளவைக் கொடுத்தால் பிளாஸ்மா இயந்திரம் வெட்டித் தருகிறது. சுருள் தகட்டை ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் மடித்த டக்ட் வருகிற நீள இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் வரைபடத்தில் இருந்த கட்டடம் வேறு, கட்டி முடித்த கட்டடம் வேறு. வரைபடத்தில் இல்லாத உத்தரம் ஒன்று நாலு அங்குலம் கீழே இறங்கியிருக்கும். தீயணைப்புக் குழாய்க்காரர் முந்திக்கொண்டு வழியை அடைத்திருப்பார். கேபிள் டிரே குறுக்கே ஓடும். அப்போது ஏணியில் நின்றபடி அளவெடுத்து, வளைவைச் சற்று மாற்றி, காற்றின் வேகம் கெடாமல் வழி கண்டுபிடிக்க ஒரு மனிதர் வேண்டும். சட்டென்று செங்கோணமாகத் திருப்பினால் காற்று சுவரில் மோதிச் சுழலும். உள்ளே திசைதிருப்பும் தகடுகள் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார் என்பது கட்டுமானத் துறையில் எல்லாரும் பாடுகிற பாட்டு.

அவர் எங்கே கற்றுக்கொள்கிறார்?

பெரும்பாலும் வேலையிடத்தில், மேஸ்திரிக்குக் கையாளாக நின்று. இந்த முறையைக் குறை சொல்ல மாட்டோம். நம்முடைய கைத்தொழில்கள் எல்லாம் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தன. ஆனால் அந்தக் காலத்துப் பட்டறையில் குருவுக்கும் சீடனுக்கும் நேரம் இருந்தது. இன்று டக்ட் வேலை சதுர மீட்டர் கணக்கில் நடக்கிறது. இவ்வளவு மீட்டர் தொங்கவிட்டால் இவ்வளவு கூலி. பக்கத்தில் நிற்கும் பையனுக்கு, ‘ஏன் இந்த மடிப்பை இப்படிப் போடுகிறேன்’ என்று பத்து நிமிஷம் விளக்கினால் மேஸ்திரிக்குப் பத்து நிமிஷக் கூலி போயிற்று. ஆகவே பையன் தூக்கிக் கொடுக்கக் கற்றுக்கொள்கிறான். நான்கு வருஷம் தூக்கிக் கொடுத்த பிறகு அவனே மேஸ்திரி ஆகிறான்.

இன்னொரு வழி தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐடிஐ. ‘சீட் மெட்டல் ஒர்க்கர்’ என்று ஒரு பிரிவு அதில் உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. தகட்டில் வரைவது, மடிப்பது, ரிவிட் அடிப்பது, ஈயப் பற்று, வெல்டிங் என்று அடிப்படைகளைக் கற்பிக்கிறார்கள். ஏசி மெக்கானிக் படிப்பு தனி, அது இரண்டாண்டு. அவர்கள் கம்ப்ரசரையும் குளிர்வாயுவையும் படிக்கிறவர்கள். கட்டடத்தில் காற்று நடக்கிற பாதை இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவே அனாதையாக நிற்கிறது. பிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். தகரவேலை என்றால் முகம் சுளிப்பார்கள்.

ஐடிஐ பாடத்திட்டத்தில் ஒரு வரி உண்டு. ஆண்டுக்கு 150 மணி நேரம் அருகிலுள்ள தொழிற்சாலையில் நேரடி வேலைப் பயிற்சி பெற வேண்டும். அருகில் தொழிற்சாலை இல்லாத இடத்தில் குழுவாகச் சேர்ந்து ஒரு செய்முறைத் திட்டம் செய்யலாம். எழுதியவரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் 150 மணி நேரம் என்பது நாளுக்கு எட்டு மணி என்று பார்த்தால் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். மூன்று வாரத்தில் பையனுக்கு டீக்கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒரு டக்ட் நிறுவனம் நடத்துகிறவர் ஏன் தானே ஆட்களைப் பயிற்றுவிப்பதில்லை? கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு பையனை எடுத்து, இரண்டு வருஷம் தகடு வீணாவதைப் பொறுத்துக்கொண்டு, உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கிறார். மூன்றாம் வருஷம் அவன் கை தேறுகிறது. அடுத்த தெருவில் போட்டி நிறுவனம் நடத்துகிறவர், யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்காதவர், நாளுக்கு நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். பையன் போய்விடுகிறான். அவன் போவதில் தப்பே கிடையாது. நூறு ரூபாய் அவன் குடும்பத்துக்குப் பெரிய தொகை. ஆனால் கற்றுக்கொடுத்தவருக்குச் செலவு, கற்றுக்கொடுக்காதவருக்கு லாபம். இரண்டு முறை இப்படிச் சுட்டுக்கொண்டவர் மூன்றாம் முறை கற்றுக்கொடுக்க மாட்டார். எல்லா நிறுவனமும் இப்படி யோசித்தால் ஆட்பஞ்சம் வரும். அப்போது எல்லாரும் கூட்டம் போட்டு, “திறமையான ஆள் கிடைக்கவில்லை” என்று அரசிடம் முறையிடுவார்கள்.

தொழில் துறையோடு கூட்டு என்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கத்தான் பயன்பட வேண்டும். அமைச்சர் முன்னிலையில் இரண்டு பேர் கோப்பை மாற்றிக்கொள்ளும் புகைப்படம் கூட்டு ஆகாது. எந்தப் பயிற்சிக் கூட்டைப் பார்த்தாலும் மூன்றைக் கேட்டுவிடலாம். பணம் யார் போடுகிறார்? என்ன கற்பிப்பது என்று யார் முடிவு செய்கிறார்? கற்றுக்கொண்டானா என்று பார்த்து யார் கையெழுத்துப் போடுகிறார்?

இந்தத் தொழிலில் இம்மூன்றுக்கும் நீண்ட காலமாக விடை வைத்திருப்பது அமெரிக்கத் தகட்டுத் தொழிலாளர் சங்கமும் அதன் எதிர்த்தரப்பும். சங்கம் 1888இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் தொடங்கியது. இப்போது அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். தகட்டு வேலை ஒப்பந்தக்காரர்களுக்கு 1943இல் உருவான ஸ்மாக்னா என்ற அமைப்பு இருக்கிறது. நம் ஊர் டக்ட் டெண்டர்களிலும் ‘ஸ்மாக்னா தரப்படி’ என்று ஒரு வரி இருக்கும், அதே ஸ்மாக்னாதான். கூலிக்காக எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டுகிற இந்த இரண்டு பேரும் 1971இல் பயிற்சிக்கென்று ஒரு பொது நிதியை ஏற்படுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் பெயர் இன்டர்நேஷனல் டிரெய்னிங் இன்ஸ்டிடியூட். சுருக்கினால் ஐடிஐ. நம் ஐடிஐக்கும் அதற்கும் அந்த மூன்று எழுத்தைத் தவிர உறவில்லை என்பதுதான் வருத்தம்.

பணம் எப்படி வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கூலி ஒப்பந்தத்திலேயே, ஒரு தொழிலாளி வேலை செய்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இத்தனை சென்ட் பயிற்சி நிதிக்கு என்று எழுதிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒவ்வொரு முதலாளியும் கட்டியாக வேண்டும். உங்களிடம் பயிற்சி பெறுகிறவர் இருந்தாலும் கட்ட வேண்டும், இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். பத்து பேர் வைத்திருப்பவர் பத்து பேருக்கும், நூறு பேர் வைத்திருப்பவர் நூறு பேருக்கும் கட்டுகிறார். பையன் நாளை அடுத்த தெரு நிறுவனத்துக்குப் போனால் என்ன? அந்த முதலாளியும்தானே அவன் படிப்புக்குப் பணம் போட்டிருக்கிறார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

முடிவெடுப்பதிலும் அப்படித்தான். 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி இப்படிப்பட்ட நிதியின் அறங்காவலர்களில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இயங்கும் பயிற்சிக் குழுக்களிலும் இரண்டு தரப்பும் சமமாக உட்காருகிறார்கள். சங்கத்துக்காரர் மட்டும் இருந்தால் பழைய கைவேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆபத்து உண்டு. முதலாளி மட்டும் இருந்தால் தன் பட்டறையில் இருக்கிற ஒரு மிஷினுக்கு மட்டும் ஆள் தயாரிப்பார். இரண்டு பேரும் இருந்தால் சண்டை வரும், ஆனால் பாடத்திட்டம் உருப்படும்.

படிப்பு நான்கு முதல் ஐந்து ஆண்டு. அமெரிக்கத் தொழிற்பழகுநர் விதிகள் குறைந்தபட்சம் 2,000 மணி நேர வேலைப் பயிற்சி கேட்கின்றன. ஆண்டுக்கு 144 மணி நேர வகுப்பும் வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. நான்கைந்து ஆண்டு முழுநேர வேலை என்றால் 8,000 முதல் 10,000 மணி நேரம் வேலையிடத்தில் கை படிந்துவிடும். நம் 150ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழகுநருக்கு முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. முழுத் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்காகத் தொடங்கி, கட்டம் கட்டமாக ஏறும். கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழகிவிட்டால் காரியம் பயிற்சியோடு நிற்பதில்லை. ஒரு காலத்தில் அங்கே டக்டைச் சுற்றியும் இரும்பு உத்தரங்கள் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் பூசினார்கள். அதன் நடுவே வேலை செய்த தகட்டுத் தொழிலாளிகளின் நுரையீரலுக்குள் அந்த நார் இறங்கியது. நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். 1986இல் இதே சங்கமும் இதே ஒப்பந்தக்காரர் அமைப்பும் சேர்ந்து இன்னொரு அறக்கட்டளையை ஏற்படுத்தி, ஓய்வு பெற்றவர்கள் உட்படத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை நடத்தத் தொடங்கின. பயிற்சிக்காகக் கட்டிய மேசை, மருத்துவத்துக்கும் பயன்பட்டது.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கா சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே கட்டுமானத் துறையில் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேருக்கு இந்த நிதியும் இல்லை, இந்த மேசையும் இல்லை. புது மிஷின் வைத்தால் மட்டும் போதுமா என்று அங்கே அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஏசி, காற்றோட்டக் கருவிகளை அண்மையில் புதிதாக மாற்றிய 11 பள்ளிகளின் 104 வகுப்பறைகளை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகமும் ஆராய்ந்தன. 2020இல் வெளியான முடிவு: ஏறத்தாழ 85 சதவீத வகுப்பறைகளில் குழந்தைகளுக்குத் தேவையான புதுக்காற்று வரவில்லை. மிஷின் புதிது, பணம் அரசுடையது. பொருத்தியது சரியில்லை, கட்டுப்பாட்டை அமைத்தது சரியில்லை, வேலை முடிந்த பிறகு யாரும் அளந்து பார்க்கவில்லை. நம் கல்யாண மண்டபக் கதைதான், ஆங்கிலத்தில்.

அதே ஆண்டு கோவிட் காலத்தில், பள்ளிகளின் காற்றோட்டத்தைச் சீர்செய்ய அம்மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தகுதிச் சான்று பெற்றவர்கள் அளந்து, சோதித்து, அறிக்கை தர வேண்டும் என்பது பணம் பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. தொழிற்சங்கங்கள் இதை ஆதரித்ததில் சுயநலம் இல்லாமலில்லை. சான்று வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்கள். இருக்கட்டும். பயிற்சிக்கு மதிப்பு வர வேண்டுமானால் அதை யாராவது காசு கொடுத்துக் கேட்க வேண்டும், அரசு அங்கே கேட்டது.

ஜெர்மனி வேறு வழியில் அதே இடத்துக்குப் போனது. கட்டடக் குழாய், சூடேற்றல், காற்றோட்டக் கருவிகளை நிறுவுகிறவருக்கு அங்கே மூன்றரை ஆண்டுப் பயிற்சி, வாரத்தில் சில நாள் நிறுவனத்தில், சில நாள் பள்ளியில். சிறிய பட்டறையில் இல்லாத இயந்திரங்களைக் கற்கப் பழகுநரைத் தொழில் சபைகளின் பொதுப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஐந்து பேர் வேலை செய்கிற பட்டறையும் ஆள் பயிற்றுவிக்க முடிவது இதனால்தான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘ஸ்கில் டெஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்காத வீடு குறைவு. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போக, அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேற வேண்டும். அதற்குப் பழக்கும் மையங்கள் தமிழ்நாட்டிலேயே முளைத்தன. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்காக முதலாளி சிங்கப்பூர் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை, உயர்ந்த திறன் உள்ளவருக்குக் குறைவு, அடிப்படைத் திறன் உள்ளவருக்கு அதிகம். திறமைசாலியை வைத்திருந்தால் முதலாளிக்குக் கையில் காசு மிஞ்சுகிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் நம் மூன்று கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும். முதல் கேள்வியிலேயே இடிக்கிறது. பயிற்சிக் கட்டணத்தை இங்கே கட்டுவது பெரும்பாலும் தொழிலாளியின் குடும்பம், வட்டிக்கு வாங்கி. தேர்வுக்கு வரும் ஒரே மாதிரித் துண்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து அனுப்பிவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

இந்தியாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 2016இல் வந்த தேசியத் திட்டம், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கும் என்றது. அதே ஆண்டு, ஜெர்மன் பாணியில் பாதிப் படிப்பு தொழிற்சாலையில் என்ற இரட்டை முறையும் வந்தது. அதற்கு முன்பு 2007இல் தொடங்கிய திட்டத்தில், அரசு ஐடிஐகளுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, தொழில் துறையினரைத் தலைவராகக் கொண்ட நிர்வாகக் குழுக்களை அமைத்தார்கள். தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனப்படுத்தியிருக்கிறார்கள். ரோபோவும் முப்பரிமாண அச்சும் அங்கே வந்துவிட்டன. நல்ல காரியம்தான், வாகனத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், அவர்கள் பெரியவர்கள், கூப்பிட்டால் வருகிறார்கள்.

டக்ட் வேலைக்கு இந்த வலை ஏன் எட்டுவதில்லை? பெரிய மருத்துவமனைக் கட்டடத்தின் ஏசி ஒப்பந்தம் பெயர் பெற்ற நிறுவனத்துக்குப் போகும். அவர் டக்ட் வேலையை உள்ஒப்பந்தமாகக் கொடுப்பார். வாங்கியவர் தொங்கவிடும் வேலையை இன்னொருவருக்குக் கொடுப்பார். கடைசியில் ஏணியில் ஏறுகிறவர், எட்டு பத்து பேர் கொண்ட ஒரு குழுவின் ஆள். 30 பேர் என்ற வரம்பு அங்கே செல்லாது. ஐடிஐயோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற நிறுவனத்தின் ஆட்கள் தகட்டைத் தொடுவதில்லை, தகட்டைத் தொடுகிறவருக்கு ஐடிஐயோடு பேச்சுவார்த்தை கிடையாது. 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் பராமரிப்புத் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தர இலக்கு வைத்தது. அது மிஷினைப் பராமரிக்கிறவர்களுக்கு. காற்றின் பாதையை மறுபடியும் மறந்துவிட்டோம்.

இவ்வளவு சிதறிய தொழிலில் யார் யாரிடம் மணிக்கு இத்தனை என்று வசூலிப்பது? புதிதாக வசூலிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலத்துக்கென்று வசூலிக்கும் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பெரிய கட்டடம் கட்டுகிற ஒவ்வொருவரும் கட்டுகிறார், பயிற்றுவிப்பவரும் பயிற்றுவிக்காதவரும். அமெரிக்கச் சங்கம் கூலி ஒப்பந்தத்தின் மூலம் சாதித்ததை நாம் சட்டத்தின் மூலம் ஏற்கெனவே பாதி செய்துவிட்டோம். மீதிப் பாதி, அந்தப் பணத்தைச் செலவழிப்பது. நாடு முழுதும் இந்த நிதி செலவாகாமல் கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் கடுமையாகக் கண்டித்தது. விபத்து உதவி, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு முதல் உரிமை. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. தேங்கிக் கிடப்பதில் ஒரு பங்கைத் தகட்டு வேலை, காற்றோட்ட வேலைக்கான பயிற்சி நிதியாக ஒதுக்கலாம். அதை நடத்தும் குழுவில் ஏசி ஒப்பந்தக்காரர்களும் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் சம எண்ணிக்கையில் உட்காரட்டும். ஐடிஐ ஆசிரியர் ஒருவரும் இருக்கட்டும். பயிற்சி நாளுக்குக் கூலி கொடுங்கள். கூலியில்லாத பயிற்சிக்கு வருகிறவர் வேலை கிடைக்காதவர் மட்டுமே. ஏற்கெனவே பத்து வருஷம் ஏணியில் நின்ற மேஸ்திரியை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம். அவர் கையைச் சோதித்துச் சான்று கொடுத்து, அவரையே பயிற்றுநராக்குங்கள்.

இதற்கெல்லாம் நாளாகும் என்பது தெரியும். நாளாகாத ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிகப் பெரிய கட்டட உரிமையாளர் அரசு. மருத்துவமனையும் நூலகமும் அலுவலகமும் பொதுப்பணித் துறை மூலம் கட்டுகிறார்கள். அந்த டெண்டரில் சீட்டின் கனம் எழுதியிருக்கிறது, துத்தநாகப் பூச்சின் அளவு எழுதியிருக்கிறது. தகட்டை மடிக்கிற கைக்கு என்ன தகுதி வேண்டும் என்றும், ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் ஒழுக்குச் சோதனை அறிக்கையில் யார் கையெழுத்திட வேண்டும் என்றும் சேர்த்து எழுதலாம். தொடக்கத்தில் ஐந்து பேருக்கு ஒருவர் சான்று பெற்றவராக இருந்தால் போதும், மூன்றாண்டில் அதைக் கூட்டிக்கொள்ளலாம். தொழிலாளர் நலத்துறையும் பொதுப்பணித் துறையும் ஒரே கோட்டையில்தான் இருக்கின்றன. இரண்டு அமைச்சர்களும் ஒரு மாலை உட்கார்ந்து பேசி, அடுத்த அரசு மருத்துவமனையின் டெண்டரிலேயே அந்த இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.